ஆத்து மணல்ல அக்கா எடுத்த பல்லு

எங்க அக்காவைப் பத்தி ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுவாங்க. "ஆத்துல தங்கம் தேடறாளாமே, புத்தி கித்தி பிசகிடுச்சா"ன்னு என்கிட்டயே கேட்டவங்க உண்டு. அவங்களுக்கு நான் என்ன பதில் சொன்னேன்னு இங்க எழுத முடியாது. அவகூடப் பொறந்தவ நான். அவ வீட்டு மாடியிலதான் குடியிருக்கேன். நடந்ததெல்லாம் என் கண்ணு முன்னால நடந்தது, அதனால நான் சொல்றேன் கேட்டுக்குங்க.

அக்கா பஸ் கண்டக்டரா இருந்தவ. மாமா அதே பஸ்ஸுக்கு டிரைவர். அப்ப அவங்களுக்குள்ள கல்யாணப் பேச்சே கிடையாது. ஒரு நாள் ஏதோ நாய் குறுக்க ஓடிச்சுன்னு மாமா சடார்னு பிரேக் போட, டிக்கெட் கொடுத்துக்கிட்டு நின்ன அக்கா போய்க் கம்பியில முட்டிக்கிட்டா. முன்பல்லு ஒண்ணு பாதியா உடைஞ்சிடுச்சு. நாய்க்கு ஒரு கீறல் கூட இல்ல. மனசு கேக்காம தினம் தினம் நலம் விசாரிக்க வந்த மனுஷன் கடைசியில அவளையே கட்டிக்கிட்டார். பாதிப் பல்லைக் கொடுத்து முழு ஆம்பளையை வாங்கினேன், லாபமா நஷ்டமான்னு இன்னும் பிடிபடலன்னு அக்கா சொல்லுவா. மாமா அதுக்கும் தலையாட்டுவார்.

பல்லு உடைஞ்ச கையோட டிப்போ மேனேஜர்கிட்ட போய், வேலை நேரத்துல ஆனதுதானே, பல்லு கட்ட டிப்போ உதவி பண்ணக் கூடாதான்னு கேட்டிருக்கா. அந்த ஆள் எல்லார் முன்னாலயும் சொன்னான்: "டிக்கெட் கிழிக்கக் கை போதும்மா. பல்லு எதுக்கு? நீ என்ன சினிமாவுலயா நடிக்கப் போறே?" சுத்தி நின்னவங்க விழுந்து விழுந்து சிரிச்சாங்களாம். அக்கா மென்னு முழுங்கிட்டு வர்ற ஆளா? "பாத்துக்கிட்டே இருங்க சார், தங்கத்துலயே கட்டிக்கிட்டு வந்து சிரிக்கறேன்"னு சொல்லிட்டு வந்துட்டா. மேனேஜர் ரிட்டயராகி எந்த ஊருக்குப் போனானோ தெரியாது. அக்காவோட வைராக்கியம் மட்டும் ரிட்டயர் ஆகவே இல்ல.

கல்யாணமானதும் மாமா தன் மோதிரத்தைக் கழட்டிக் கொடுத்தார், உருக்கிப் பல்லு கட்டிக்கோன்னு. அக்கா வாங்கல. எனக்கு யார் தங்கமும் வேணாம், நானாச் சம்பாதிச்ச தங்கம்தான் என் வாய்க்குள்ள போகணும்னு ஒத்தக் கால்ல நின்னா. கண்டக்டர் சம்பளத்துல எந்தக் காலத்துல தங்கம் வாங்கறது? அதனால பாதிப் பல்லோடயே விசில் ஊதினா, சண்டை போட்டா, பிள்ளை பெத்தா. அந்தப் பல்லை ஒரு நாளும் அவ யாருக்கும் மறைச்சதில்ல.

அவங்க பஸ் கடைசியா நிக்கற இடம் ஆத்துப் பாலத்தடி. அங்க லீவு நாள்ல ஒரு வெல்டர் முட்டி அளவு தண்ணியில குந்திக்கிட்டுத் தட்டுல மண்ணை அரிச்சுக்கிட்டிருப்பார். அக்கா போய் எட்டிப் பாத்திருக்கா. தட்டோட அடியில கறுப்பு மணல், அதோட ஓரத்துல மாவு மாதிரி மஞ்சளா ஒரு கோடு. இதை நம்பி உலை வைக்க முடியாதும்மா, சும்மா ஒரு பொழுதுபோக்குன்னு அவர் சொல்லியிருக்கார். அக்கா காதுல அந்தப் பின்பாதி ஏறவே இல்ல. அடுத்த லீவுக்கு அவளும் ஒரு பச்சைத் தட்டு வாங்கிக்கிட்டு ஆத்துல இறங்கிட்டா.

பாத்தா சுலபமா இருக்கும். ஆறு திரும்பற இடத்துல உள்வளைவுல, பெரிய கல்லுக்குப் பின்னால படிஞ்ச மண்ணா அள்ளணும். தட்டைத் தண்ணிக்குள்ள வச்சு ஆட்டி ஆட்டிச் சாய்ச்சா லேசான மண்ணெல்லாம் வெளிய போயிடும், கனமான கருமணல் அடியில தங்கும். தங்கம் அதுக்குள்ளதான் இருக்கும். அதைப் பிரிக்கறதுதான் பெரும்பாடு. ஆத்தோரமா நின்னு அதைச் செய்ய முடியாதுன்னு அக்கா கருமணலை மட்டும் வாளியில சேத்து வச்சு, வருஷத்துக்கு ஒரு தடவை வீட்டுப் பின்பக்கம் உக்காந்து பிரிப்பா. டீ வடிகட்டியில சலிச்சு, பிளாஸ்டிக் பையில காந்தத்தைச் சுத்தி இரும்பு மணலை எடுத்து, மிச்சத்தைத் தட்டுல போட்டு அரிப்பா. அப்ப தண்ணியில ஒரு சொட்டுப் பாத்திரம் கழுவற சோப்பு விட்டே ஆகணும். இல்லன்னா அவ்வளவு பொடியான தங்கம் தூசி மாதிரி மேல மிதந்து ஓடிடும். கிடைக்கறதைக் காதுக்கு மருந்து விடற குழாயால உறிஞ்சி ஒரு சின்னக் கண்ணாடிப் புட்டியில விடுவா. அந்தப் புட்டி சமையலறை அலமாரியில உப்பு ஜாடிக்குப் பக்கத்துல இருக்கும். நானே ஒரு தடவை எறியப் பாத்தேன், என் கையை உடைக்காத குறைதான்.

இப்படியே வருஷம் ஓடிச்சு. ரிட்டயராகி நிறைய நேரம் கிடைச்சதும் புட்டியில மஞ்சள் கொஞ்சம் கண்ணுக்குத் தெரியற அளவுக்கு ஏறிச்சு. அந்த நேரம் பாத்து மகளுக்குக் கல்யாணம் நிச்சயமாச்சு.

அக்கா மகளைப் பத்தியும் சொல்லணும். ஒரே பொண்ணு. பெரிய ஹோட்டல்ல வரவேற்புல நிக்கறா, அவளுக்குச் சிரிக்கறதுக்குத்தான் சம்பளம். பல்லெல்லாம் முத்து வச்ச மாதிரி இருக்கும். சின்ன வயசுல கூடப் படிச்சதுங்க இவ அம்மாவைப் 'பாதிப்பல்லு'ன்னு கூப்பிட்டு இவளை அழ வச்சிருக்குங்க. அதனால அவ பக்கமும் நியாயம் இருக்கு, நான் இல்லன்னு சொல்லல. தன் சம்பளத்துல அம்மாவுக்கு அசல் பல்லு மாதிரியே வெள்ளையா ஒரு உறை போட ஏற்பாடு பண்ணி, டாக்டர்கிட்ட நாளும் வாங்கிட்டு வந்து நின்னா. அக்கா டாக்டருக்குப் போன் பண்ணி வரமாட்டேன்னுட்டா. உன் கல்யாணத்துல நான் தங்கப் பல்லோடதான் நிப்பேன்னு சொன்னா. பொண்ணுக்கு முகம் சுண்டிப் போச்சு. அன்னையில இருந்து வீட்டுல ஆத்தாளும் மகளும் எலியும் பூனையும்தான்.

பல் செய்யறவர் ஒருத்தர் இருக்கார், கடைவீதியில ஒரு மாடியில பட்டறை. அக்கா புட்டியைக் கொண்டுபோய் அவர்கிட்ட காட்டினா. கூடவே நானும் போனேன். தங்கத்துல முன்பல்லு இப்ப யாரும் போடறதில்லம்மா, கடைவாய்க்குன்னா பரவாயில்ல, இது ஊருக்கே தெரியுமேன்னு அவர் இழுத்தார். "வாய் யாருது?"ன்னு அக்கா கேட்டா. அவர் புட்டியை வாங்கி நிறுத்துப் பாத்தார். இன்னும் கொஞ்சம் வேணும், அந்த வாரத்துக்குள்ள கொடுத்தாத்தான் கல்யாணத்துக்குள்ள முடியும்னு சொன்னார். அந்த வருஷத்துக் கருமணல் ஒரு வாளி நிறையப் பிரிக்காம அப்படியே இருந்துச்சு. அது போதும்னு அக்கா வாக்குக் கொடுத்துட்டு வந்தா.

இங்கதான் மாமா புகுந்தார். நல்ல மனுஷன், ஆனா டிரைவர் புத்தி. எதைப் பாத்தாலும் எண்ணெய் போடணும். கதவுக் கீலுக்கு, கத்திரிக்கோலுக்கு, என் தையல் மெஷினுக்கு, எங்கடா காய்ஞ்சு கிடக்குதுன்னு தேடிப் போய்ப் போடுவார். பொண்டாட்டிக்கும் மகளுக்கும் நடுவுல மாட்டி ரெண்டு பக்கமும் திட்டு வாங்கினவர், அக்கா மனசைக் குளுர வைக்கலாம்னு நெனச்சு, கீறல் விழுந்து வெளுத்துக் கிடந்த அந்தப் பச்சைத் தட்டை எடுத்து மெஷின் எண்ணெய் போட்டுத் தேய் தேய்னு தேய்ச்சுப் புதுசாட்டம் ஆக்கி வச்சுட்டார். யார்கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லல. தானாத் தெரிஞ்சு சந்தோஷப்படட்டுமாம்.

மண்ணரிக்கற தட்டுல எண்ணெய் படவே கூடாது. பட்டா பொடித் தங்கம் முழுக்க மேல மிதந்துடும். அக்கா வெறும் கையால தட்டைத் தொட்டிருந்தா அந்த நிமிஷமே கண்டுபிடிச்சிருப்பா. ஆனா அன்னிக்கு அவ ரப்பர் கிளவுஸ் போட்டிருந்தா. சம்பந்தி வீட்டுக்காரங்க கையைப் பிடிச்சுப் பேசறப்ப சொரசொரன்னு இருக்கக் கூடாதுன்னு மகள் வாங்கிக் கொடுத்தது. அந்த ஒரு விஷயத்துலயாவது விட்டுக் கொடுப்போமேன்னு அக்கா போட்டுக்கிட்டா. விட்டுக் கொடுத்ததுக்குப் பலனைப் பாருங்க.

சம்பந்தி வீட்டுக்காரங்க முதல் தடவையா வீடு பாக்க வர்ற நாள் அது. பின்பக்கம் உக்காந்து டீ குடிக்கட்டும்னு மாமா புது மண்ணு கொட்டிப் பாத்தி கட்டிப் பூச்செடி நட்டு வச்சிருந்தார். காலையிலயே அக்கா அந்தப் பாத்திக்குப் பக்கத்துல பெரிய தண்ணி டப்பை வச்சு, ரப்பர் குழாயில தண்ணியைச் சன்னமாத் திறந்து விட்டு, கருமணலை அரிக்க உக்காந்தா. பாதியில மகள் வந்தா. இன்னிக்குமா இந்தக் கூத்து, அவங்க வர்றதுக்குள்ள எடுத்துத் தொலைன்னு ஆரம்பிச்சா. இவ ஒண்ணு சொல்ல, அவ ஒண்ணு சொல்ல, பேச்சு எங்கெங்கயோ போச்சு. தட்டு பாட்டுக்கு ஆடுது, தண்ணி பாட்டுக்கு ஓடுது, டப் நிறைஞ்சு வழியறதை யாரும் பாக்கல. நான் மாடியில துணி காயப் போட்டுக்கிட்டிருந்தேன், எனக்குத்தான் முதல்ல தெரிஞ்சுது. டப் மேல தண்ணி மினுக்குது. "அக்கா, தண்ணியப் பாரு"ன்னு கத்தினேன்.

அக்கா குனிஞ்சு பாத்தா. பாலாடை மாதிரி மஞ்சளாத் தங்கம், டப் விளிம்புல ஏறி, நேரா மாமாவோட பூப்பாத்திக்குள்ள போய்க்கிட்டிருந்துச்சு. சோப்பு விட்டுத்தான் இருந்தா, ஆனா ஒரு சொட்டுச் சோப்பு அந்த எண்ணெய்க்கு எந்த மூலைக்கு? கிளவுஸைக் கழட்டித் தட்டைத் தடவினா. விரலை மோந்து பாத்தா. "என்னங்க"ன்னு ஒரு குரல்தான் கொடுத்தா. மாமா வந்து பேயறைஞ்ச மாதிரி நின்னார்.

அக்கா அழுவான்னு பாத்தேன். அவ குழாயை மூடிட்டு மண்வெட்டியை எடுத்தா. மூணாம் மனுஷி மாதிரி ஒரு செடியையும் பாக்காம, பூத்தது பூக்காதது எல்லாத்தையும் பிடுங்கி ஓரமா வச்சுட்டுப் பாத்தி மண்ணை வாளியில அள்ள ஆரம்பிச்சா. மகள் காலைப் பிடிக்காத குறையாக் கெஞ்சினா, நாளைக்குத் தோண்டும்மா, இன்னிக்கு ஒரு நாள் விடும்மான்னு. பிடுங்கிப் போட்ட மண்ணு மேல நாலு பேர் நடந்தாங்கன்னா மாவுத் தங்கம் செருப்போட போயிடும், நாளைக்கு எதைத் தோண்டறதுன்னு அக்கா கேட்டா. கேட்டுக்கிட்டே தோண்டினா. மாமா தட்டைச் சோப்புப் போட்டுத் தேய்ச்சார், தன் பாவம் போகற வரைக்கும் தேய்ச்சார்.

சம்பந்திங்க வந்தப்ப அக்கா முழங்கை வரைக்கும் சேறு, முகத்துல சேறு, சின்ன ஸ்டூல்ல உக்காந்து அவங்க டீ குடிக்க வேண்டிய இடத்தை அரிச்சுக்கிட்டிருந்தா. மகள் உள்ள போய்க் கதவைச் சாத்திக்கிட்டா. மாப்பிள்ளையோட அம்மா பட்டும் படாமப் பேசறவங்க. என்ன செய்யறீங்கன்னு கேட்டாங்க. அக்கா ஒண்ணு விடாமச் சொன்னா, பஸ்ஸு, நாய், மேனேஜர், எண்ணெய் எல்லாம். தங்கம் கடையிலயே கிடைக்குமேன்னாங்க அந்தம்மா. "கடைத் தங்கம் யார் வேணும்னாலும் வாங்கலாங்க. இது நான் குனிஞ்சு எடுத்தது"ன்னு அக்கா சொல்லிட்டு அடுத்த வாளிக்குக் கை நீட்டினா.

மாப்பிள்ளையோட அப்பா மருந்துக்கடைக்காரர். அவர் வந்ததுல இருந்து தட்டையே பாத்துக்கிட்டிருந்தார். கொஞ்ச நேரத்துல பேண்ட்டை மடிச்சு விட்டுக்கிட்டுப் பக்கத்துல குந்திட்டார். எனக்கும் ஒரு தடவை கொடுங்களேன்னார். கொடுத்தா, முதல் ஆட்டுலயே பாதியை வெளிய கொட்டிட்டார். சம்பந்தின்னும் பாக்காம அக்கா அவரை வாங்கு வாங்குன்னு வாங்கினா. அவருக்கு அது ரொம்பப் பிடிச்சுப் போச்சு. வந்த டீயை நின்னுக்கிட்டே குடிச்சது அந்தம்மா மட்டும்தான்.

அந்தப் பாத்தி முழுக்க அரிச்சு முடிக்க அந்த வாரமே ஓடிடுச்சு. எல்லாம் திரும்பி வந்துச்சான்னு கேட்டா, இல்ல. கொஞ்சம் மண்ணு தின்னுடுச்சு. பல் செய்யறவர் நிறுத்துப் பாத்துட்டு, மெல்லிசாத்தான் வரும், ஆனா வரும்னார்.

அந்த வாரக் கடைசியில மகள் வந்து அம்மா முன்னால நின்னா. வரப்போற மாமியார் சொல்லி விட்டிருக்காங்க: எல்லாம் சரி, அந்தப் பல்லு மட்டும் வேணாமேன்னு. கல்யாணப் போட்டோ காலத்துக்கும் இருக்குமாம். நானும் மாமாவும் அங்கயேதான் இருந்தோம்.

"அம்மா, அந்தப் பல்லோட வர்றதா இருந்தா நீ போட்டோவுல நிக்க வேணாம்"னா மகள்.

மாமா எந்திரிச்சுட்டார். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அவ கன்னத்துல ஒண்ணு விட்டிருப்பேன், அக்கா என் கையைப் பிடிச்சுக்கிட்டா.

"சரி. போட்டோவுல நான் நிக்கல. பல்லு வரும்"னா.

சொன்னபடி வந்துச்சு. கல்யாணத்துக்கு முதல் நாள் பட்டறையில மாட்டிவிட்டாங்க. அக்கா கண்ணாடியை வாங்கிப் பாத்தா, உதட்டைத் தூக்கிப் பாத்தா, நாக்கால தடவிப் பாத்தா. நல்லாருக்குன்னு ஒரே ஒரு வார்த்தை சொன்னா. வீட்டுக்கு வர்ற வழியில காய் விக்கறவ, செருப்பு தைக்கறவர், பஸ் கண்டக்டர் பையன், எல்லார்கிட்டயும் தேவையே இல்லாமப் பேச்சுக் கொடுத்தா. ராத்திரி சாப்பாட்டுல மகள் நிமிர்ந்தே பாக்கல. அக்காவும் காட்டல. அக்காவுக்கு மனசு வலிச்சுது, எனக்குத் தெரியும். ஆனா பல்லைக் கழட்டிடவான்னு அவ ஒரு பேச்சுக்குக் கூடக் கேக்கல. கேட்டிருந்தா அவளை நானே மன்னிச்சிருக்க மாட்டேன்.

கல்யாணம் ரிஜிஸ்டர் ஆபீஸ்ல. கையெழுத்தெல்லாம் ஆச்சு, வெளிய படிக்கட்டுல போட்டோவுக்கு எல்லாரையும் நிறுத்தினாங்க. அக்கா சொன்ன சொல் மாறாம, சுவரோரமா என்கூட நின்னுக்கிட்டா. கூட்டத்துல அவ இல்லன்னு மருந்துக்கடைக்காரர்தான் பாத்தார். என்ன சம்பந்தி அங்க போய் ஒளிஞ்சுக்கிட்டீங்க, வாங்கன்னு நேரா வந்து கூட்டிக்கிட்டுப் போனார். அவருக்கு உள்விவகாரம் எதுவும் தெரியாது. அக்கா மகளைப் பாத்தா. மகள் வேற பக்கம் பாத்துக்கிட்டா. மறுத்தாக் கலாட்டா ஆகும்னு அக்கா கடைசிப் படியில ஓரமாப் போய் நின்னு, போட்டோக்காரர் சிரிங்கன்னதும் சிரிச்சா. நல்ல வெயில்.

போட்டோக்காரர் கேமராவை இறக்கினார்.

"ஓரத்துல நிக்கற அம்மா, நீங்க மட்டும் வாயை மூடிக்குங்க. பல்லு பளீர்னு அடிக்குது, படம் கெட்டுடும்."

அக்கா மூடல. அவர் மறுபடியும் சொன்னார், இந்தத் தடவை கொஞ்சம் சலிப்பா, சின்னப் பிள்ளைக்குச் சொல்ற மாதிரி. அவர் சொல்றதும் சரிதானேன்னு மாப்பிள்ளையோட அம்மா மெதுவா ஒத்து ஊதினாங்க. எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிடுச்சு. நாக்கைப் பிடுங்கிக்கற மாதிரி நாலு கேக்கலாம்னு ஒரு படி ஏறிட்டேன்.

அதுக்குள்ள மகள் திரும்பினா. அவ குரல் நடுங்கிச்சு, ஆனா படிக்கட்டுல இருந்த அத்தனை பேருக்கும் கேட்டுச்சு.

"எங்கம்மாவை வாயை மூடுன்னு சொல்ல நீங்க யாரு? நானே சொல்லிப் பாத்துட்டேன், பெத்த பொண்ணு பேச்சையே அவங்க கேக்கல. படம் கெட்டாக் கெட்டுப் போகட்டும், நான்தானே மாட்டி வச்சுப் பாக்கப் போறேன்."

அப்புறம் கீழ பாத்து, "நீ ஏன்மா ஓரத்துல நிக்கறே, என் பக்கத்துல வா. வந்து நல்லாச் சிரி"ன்னா.

மாமா நகர்ந்து இடம் விட்டார். அக்கா ஒவ்வொரு படியா ஏறிப் போய் மகள் பக்கத்துல நின்னா, போட்டோக்காரர் படம் எடுத்தார்.